விதிப்புத்தகம் வளர்த்த உடல்கள்

1960ஆம் ஆண்டு டிசம்பர் 26. பிலடெல்பியாவின் ஃபிராங்க்ளின் ஃபீல்டு மைதானத்தில் அமெரிக்கக் கால்பந்தின் தேசிய லீக் இறுதிப் போட்டி நடக்கிறது. பிலடெல்பியா ஈகிள்ஸ் 17-13 என்று முன்னிலையில் இருக்கிறது. கடைசி நொடிகளில் கிரீன் பே பாக்கர்ஸ் அணி ஈகிள்ஸின் எல்லைக்கோட்டை நெருங்கிவிட்டது. பந்தோடு பாய்ந்து வந்த ஜிம் டெய்லரை 35 வயது சக் பெட்னாரிக் வளைத்துப் பிடித்துச் சாய்த்தார். கடிகாரம் ஓடி முடியும்வரை அவர்மேலிருந்து எழவும் இல்லை. கோப்பை ஈகிள்ஸுக்குப் போனது. அன்று பெட்னாரிக் ஏறக்குறைய ஆட்டம் முழுவதும் களத்தில் இருந்தார். தன் அணியிடம் பந்து இருக்கும்போது தாக்கும் வரிசையின் நடுவில் சென்டர். எதிரணியிடம் பந்து போனதும் தடுக்கும் பக்கத்தில் லைன்பேக்கர். இரண்டு பக்கமும் முழுநேரம் ஆடிய கடைசி வீரர் என்று அமெரிக்கர்கள் இன்றும் அவரைத்தான் சொல்கிறார்கள்.

பெட்னாரிக்கின் எடை சுமார் 106 கிலோ. இன்றைய லைன்பேக்கர்களின் நடுவே நிறுத்தினால் அந்த உடல் சரியாகப் பொருந்தும். இன்றைய சென்டர்களின் நடுவே நிறுத்தினால் 30 கிலோ குறையும். ஒரே மனிதர் செய்துவந்த இரண்டு வேலைகள் இப்போது இரண்டு வேறு உடல்களைக் கேட்கின்றன. ஓர் அணியின் 53 பேர் பட்டியலில் 80 கிலோ வீரரும் இருக்கிறார், 150 கிலோ வீரரும் இருக்கிறார். உலகின் பெரிய குழு ஆட்டங்களில் இத்தனை வகை உடல்கள் ஒரே சட்டையைப் போடுவது வேறெங்கும் இல்லை. இதற்கு ஊட்டச்சத்தையும் உடற்பயிற்சிக் கூடங்களையும் காரணமாகச் சொல்வார்கள். அவற்றுக்குப் பங்கு உண்டு. ஆனால் முதற்காரணம் விதிப்புத்தகம் என்பதே என் முடிவு. அதில் ஒரு வரி மாறிய ஒவ்வொரு முறையும் களத்தில் புதுவகை உடலுக்கு இடம் பிறந்திருக்கிறது.

ஆட்டத்தின் அடிப்படையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆடுகளம் 100 கெஜ நீளம். இரு முனைகளிலும் எண்டு ஸோன் என்ற 10 கெஜப் பகுதி. பக்கத்துக்குப் பதினொரு பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள். அதற்குள் 10 கெஜம் முன்னேறிவிட்டால் மீண்டும் நான்கு வாய்ப்புகள். எதிரியின் எண்டு ஸோனுக்குள் பந்தைக் கொண்டுபோனால் டச்டவுன், ஆறு புள்ளிகள். கம்பங்களுக்கு நடுவே உதைத்து அனுப்பினால் மூன்று. கிரிக்கெட்டில் ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் எல்லாம் நின்று, களம் அடுக்கப்பட்டு, பிறகு தொடங்குவதுபோல இங்கும் ஒவ்வொரு வாய்ப்பும் தனித்தனியே நின்று தொடங்கும். நடுவில் தரையில் இருக்கும் பந்தைச் சென்டர் கால்களுக்கு இடையே பின்னால் கொடுக்கும் கணம் ஸ்னாப். அதன் பிறகு எல்லாம் ஐந்தாறு வினாடிகளில் முடிந்துவிடும்.

அந்த ஐந்தாறு வினாடிதான் உடலியலின் முதல் திறவுகோல். தசைக்கு உடனடி ஆற்றல் தருவது அதிலேயே சேமிக்கப்பட்டிருக்கும் ஏடிபியும் கிரியாட்டின் பாஸ்பேட்டும். முழு வேகத்தில் உழைத்தால் அந்தச் சேமிப்பு சுமார் பத்து வினாடிக்குத் தாங்கும். அரை நிமிட ஓய்வில் பெரும்பகுதி மீண்டும் நிரம்பும். ஒரு வாய்ப்புக்கும் அடுத்ததற்கும் இடையே 40 வினாடிக் கடிகாரம் ஓடுகிறது. ஆக இந்த ஆட்டத்தின் தாளமும் அந்த வேதியியலின் தாளமும் ஏறத்தாழ ஒன்றாகிவிட்டன. ஒரு போட்டியில் 10 கிலோமீட்டர் ஓடும் உலகக் கால்பந்து வீரருக்கு 140 கிலோ உடல் சாத்தியமே இல்லை. ஐந்து வினாடி வெடித்து, அரை நிமிடம் மூச்சு வாங்கலாம் என்றால் சாத்தியம். கடிகார நேரம் மூன்று மணியைத் தாண்டினாலும், பந்து உண்மையில் ஆட்டத்தில் இருக்கும் நேரத்தைக் கூட்டினால் சுமார் 11 நிமிடம்தான் வரும்.

தொடக்கத்தில் இந்த இடைநிறுத்தமே இல்லை. 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் அமெரிக்கக் கல்லூரிகள் ஆடியது ரக்பிக்கு நெருக்கமான ஒன்று. பந்துக்காகக் கூட்டமாக முட்டி மோதுவார்கள். யேல் பல்கலைக்கழகத்தின் வால்டர் கேம்ப் 1880இல் கொண்டுவந்த மாற்றம் அந்தக் கூட்டத்தைப் பிரித்தது. பந்து ஒரு கோட்டில் வைக்கப்படும். அது இன்னார் வசம் என்பது முன்கூட்டியே தெரியும். இரு அணிகளும் கோட்டின் இரு பக்கம் நிற்கும். பக்கத்துக்கு 11 பேர் என்ற எண்ணிக்கையும் அப்போது வந்ததுதான். பந்தை விட்டுக்கொடுக்காமல் ஓர் அணி அரை ஆட்டத்தையே கடத்தலாம் என்பதைச் சில அணிகள் கண்டுகொண்டதும், 1882இல் மூன்று வாய்ப்புகளில் ஐந்து கெஜம் என்ற நிபந்தனை சேர்ந்தது. தாக்குபவர், தடுப்பவர் என்ற பிரிவு இங்கே உருவாகிறது. யார் எங்கே நிற்பது என்று திட்டமிட முடிகிறது. நிலைகள் பிறக்கின்றன.

திட்டமிட முடிந்ததும் வன்முறையும் திட்டமிட்டதாயிற்று. கைகோத்துக் கூட்டமாக ஓடி எதிரணியின் ஒரே ஆளை மோதுவது அக்காலத் தந்திரம். 1905 பருவத்தில் குறைந்தது 18 பேர் உயிரிழந்ததாகச் சிகாகோ ட்ரிப்யூன் கணக்கிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் பயிற்சியாளர்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். 1906இல் விதிகள் மாற்றி எழுதப்பட்டன. பந்தை முன்னோக்கி எறிவது அனுமதிக்கப்பட்டது. கூட்டம் நெருங்கி நின்று மோதுவதைக் குறைக்க ஆட்களைக் களமெங்கும் பரப்ப வேண்டும். எறி அதற்கான வழி. அந்த ஆண்டு செப்டம்பர் 5இல் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்தின் பிராட்பரி ராபின்சன் முதல் சட்டப்பூர்வ எறியை எறிந்தார்.

எறிக்கு அனுமதி கொடுத்தவர்கள் ஒரு கட்டுப்பாட்டையும் வைத்தார்கள். அது பின்னாளில் இறுகி இன்றைய வடிவத்தை அடைந்தது: தாக்கும் அணியில் குறைந்தது ஏழு பேர் கோட்டின்மேல் நிற்க வேண்டும், அந்த ஏழு பேரில் இரு ஓரங்களில் நிற்பவர்களும், கோட்டுக்குப் பின்னால் நிற்பவர்களும் மட்டுமே எறியைப் பிடிக்கலாம். எண்ணிப் பாருங்கள். ஏழில் இரண்டு போனால் ஐந்து. நடுவில் சென்டர், அவருக்கு இரு பக்கமும் கார்டு, அவர்களுக்கு வெளியே டேக்கிள். இந்த ஐவர் எறியைப் பிடிக்கவே கூடாது. நடுவர்களுக்கு ஐயம் வராமலிருக்க அவர்களுக்கு 50 முதல் 79 வரை எண்கள். அந்த எண் அணிந்தவர் பிடிக்க வேண்டுமானால் முன்கூட்டியே நடுவரிடம் போய்ச் சொல்லிவிட்டு, ஓரத்திலோ கோட்டுக்குப் பின்னாலோ நின்றாக வேண்டும்.

ஓட வேண்டாம், பிடிக்க வேண்டாம், பந்தை ஏந்த வேண்டாம் என்று விதியே விலக்கிவிட்ட உடலுக்கு மிஞ்சும் வேலை ஒன்றே ஒன்று: எதிரே வருபவனை மறிப்பது. மறிப்பதற்கு நிறை வேண்டும். நிறை கூடினால் முடுக்குவது கடினம் என்பது நியூட்டனின் இரண்டாம் விதி. அது இந்த ஐவருக்குப் பெருவரம். அவர்களை அசைக்கவேண்டிய பொறுப்பு எதிரியுடையது அல்லவா?

ஆனால் 140 கிலோ நிறை மட்டும் போதுமானால் எந்தப் பருத்த மனிதரும் இந்த ஐவரைப் போல வரிசையில் நிற்கும் லைன்மேன் ஆகிவிடலாம். ஆக முடியாது. அங்கே நடக்கும் போட்டி திருப்புவிசைப் போட்டி. நின்றிருப்பவரின் நெஞ்சில் தள்ளினால் அவர் குதிகாலை மையமாக வைத்துப் பின்னால் சாய்வார். இடுப்பளவில் தள்ளினால் நகர்த்த வேண்டியிருக்கும். தன் நிறைமையத்தை எதிரியின் நிறைமையத்துக்குக் கீழே கொண்டுபோகிறவர் தள்ளும் விசை எதிரியின் கால்களைத் தரையிலிருந்து தளர்த்தும். தரையோடு உராய்வு குறைந்தவர் எவ்வளவு கனமானாலும் தள்ளுண்டு போவார். தாழ்ந்து நிற்பவனே வெல்வான் என்பது அமெரிக்கப் பள்ளிப் பயிற்சியாளர்கள் முதல் நாளே சொல்லும் பாடம். அதனால் லைன்மேனுக்குப் பருத்த உடலோடு இளகிய இடுப்பும் கணுக்காலும் வேண்டும். 140 கிலோ மனிதர் குந்திய நிலையிலேயே பக்கவாட்டில் துள்ளித் துள்ளி நகர்வதைக் கவனித்துப் பார்த்தவர்களுக்கு அது நடனத்துக்கு நிகரான உடற்கலை என்பது புரியும். இந்த ஆட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி அதுதான்.

1978இல் இன்னொரு வரி மாறியது. அதுவரை மறிப்பவர் கைகளை மார்போடு மடக்கி வைத்துக்கொண்டுதான் தடுக்க வேண்டும். அந்த ஆண்டு, எறியைக் காக்கும்போது கைகளை நீட்டி, உள்ளங்கையை விரித்துத் தள்ளலாம் என்று அனுமதித்தார்கள். கூடவே, கோட்டிலிருந்து ஐந்து கெஜத்துக்கு அப்பால் எறி பிடிக்க ஓடுபவரைத் தடுப்பவர் இடிக்கக் கூடாது என்றும் கட்டுப்படுத்தினார்கள். எறிவது எளிதாயிற்று, எறிபவரைக் காப்பது முதன்மைத் தொழிலாயிற்று, நீண்ட கைகளுக்கு விலை ஏறியது. இன்று வீரர்த் தேர்வு முகாமில் டேக்கிள்களின் கை நீளத்தை அங்குலக் கணக்கில் அளக்கிறார்கள். 84 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் புருவம் சுருங்கும். கை நீண்டவர் எதிரியின் நெஞ்சை முதலில் தொடுவார். முதலில் தொட்டவர் இடைவெளியை முடிவு செய்வார். 300 பவுண்டு, அதாவது 136 கிலோ தாண்டிய வீரர்கள் 1970 வாக்கில் தொழில்முறை லீக் முழுவதிலும் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருந்தார்கள். இன்று ஓர் அணியின் தொடக்க வரிசை ஐவரில் அந்த எடைக்குக் கீழே ஒருவர் இருந்தால் செய்தி.

ஐவரில் இடப்பக்க டேக்கிளுக்குத் தனிக் கதை உண்டு. வலக்கையால் எறிபவர் எறியும் முன் இடத்தோளை முன்னால் திருப்புவார். அப்போது முதுகு இடப்பக்கம் போகும். பக்கவாட்டுப் பார்வை எவ்வளவு அகலமானாலும் முதுகுக்குப் பின்னால் கண் இல்லை. 1981இல் நியூயார்க் ஜயண்ட்ஸில் சேர்ந்த லாரன்ஸ் டெய்லர் என்ற லைன்பேக்கர் அந்தக் குருட்டுப் பக்கத்தைத் தன் வேட்டைக்களம் ஆக்கினார். கனமும் வேகமும் ஒரே உடலில் அப்படி வந்ததை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. 1985 நவம்பர் 18 இரவு வாஷிங்டன் அணியில் பந்தை எறியும் குவார்ட்டர்பேக் ஜோ தைஸ்மனை அவர் வீழ்த்தியபோது தைஸ்மனின் காலெலும்பு முறிந்து தோலைக் கிழித்தது. தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. தைஸ்மன் அதன்பின் ஆடவில்லை. 1993இல் வீரர்கள் சுதந்திரமாக அணி மாறும் முறை வந்ததும், அதுவரை பெயர் தெரியாமல் உழைத்த இடப்பக்க டேக்கிள்களின் சம்பளம் சரசரவென்று ஏறியது.

இவர்கள் ஐவரும் சேர்ந்து வாங்கிக்கொடுப்பது சுமார் இரண்டரை வினாடி. அந்த இரண்டரை வினாடியைச் செலவழிப்பவர் குவார்ட்டர்பேக்.

இந்த ஒரு நிலைக்கு உடல் இரண்டாம்பட்சம். 2000ஆம் ஆண்டுத் தேர்வில் டாம் பிரேடி 40 கெஜ ஓட்டத்தை 5.28 வினாடியில் ஓடினார். லைன்மேன்கள் சிலருக்கே அது இழுக்கு. 199ஆவது ஆளாகத்தான் எடுக்கப்பட்டார். லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலில் ஏழு பட்டங்களோடு ஓய்வுபெற்றார். அவர் வேகம் எங்கே இருந்தது என்பதை ஒரு கணக்கு காட்டும். நல்ல எறியின் வேகம் வினாடிக்கு 25 மீட்டர் அளவில் இருக்கும். 20 மீட்டர் தொலைவைக் கடக்க 0.8 வினாடி. அதற்குள் ஓடுபவர் ஏழு மீட்டர் போய்விடுவார். ஆகவே அவர் இருக்கும் இடத்துக்கு எறிய முடியாது; இருக்கப்போகும் இடத்துக்குத்தான் எறிய வேண்டும். அவர் இன்னும் திரும்பாதபோதே, தடுப்பவர் இன்னும் விலகாதபோதே பந்து கையைவிட்டுப் போயிருக்க வேண்டும். ஸ்னாப்புக்கு முன்னரே எதிரணியின் பின்வரிசைக் காவலர்கள் ஒருவரா இருவரா, எவ்வளவு ஆழத்தில் நிற்கிறார்கள் என்று பார்த்து, தேவைப்பட்டால் முழுத் திட்டத்தையும் சத்தம் போட்டு மாற்றுவதும் அவர் வேலை. 1994 முதல் அவர் தலைக்கவசத்துக்குள் வானொலி உண்டு, பயிற்சியாளர் பேசலாம். ஆனால் கடிகாரத்தில் 15 வினாடி மிஞ்சும்போது இணைப்பு அறுந்துவிடும். அதன்பின் அவர் தனியாள்.

அந்தப் பந்தின் பறப்பிலும் ஓர் அழகான இயற்பியல் புதிர் இருந்தது. நன்றாக எறிந்த பந்து வினாடிக்குச் சுமார் பத்துச் சுற்றுகள் சுழலும். சுழலும் பொருள் தன் அச்சின் திசையை விடாது. பம்பரம் நிமிர்ந்து நிற்பதன் காரணமும் இதுதான். அப்படியானால் மூக்கை மேலே தூக்கிப் புறப்பட்ட பந்து இறங்கும்போதும் மூக்கைத் தூக்கியபடியே இறங்க வேண்டும். ஆனால் அது பாதையோடு வளைந்து, மூக்கைத் தாழ்த்தி, பிடிப்பவர் கையில் வந்து விழுகிறது. ரிச்சர்ட் பிரைஸ், வில்லியம் மாஸ், டிமத்தி கே என்ற மூன்று இயற்பியலாளர்கள் 2020இல் இதற்குத் தெளிவான விளக்கம் தந்தார்கள். காற்று பந்தின் மூக்கை மேலே தள்ளப் பார்க்கிறது. சுழலும் பந்தோ தள்ளிய திசையில் சாயாமல் அதற்குச் செங்குத்தாக விலகுகிறது. அந்த விலகல் தொடர்ந்து, மூக்கு பறக்கும் திசையைச் சுற்றிச் சிறு வட்டமிடுகிறது. பாதை வளைய வளைய வட்டத்தின் மையமும் வளைகிறது. காற்றில்லாத நிலவில் எறிந்தால் பந்து மூக்கைத் தூக்கியபடியேதான் இறங்கும்.

பந்தைப் பிடிக்க ஓடுபவர் வைட் ரிசீவர். அவர் ஏன் மெலிந்திருக்கிறார் என்பதற்கு விடை வடிவியலில் இருக்கிறது. ஓர் உடலை எல்லாப் பக்கமும் பத்து விழுக்காடு பெரிதாக்கினால் தசையின் குறுக்குப்பரப்பு 21 விழுக்காடு கூடும். எடையோ 33 விழுக்காடு கூடும். வலிமை எடையைத் துரத்திப் பிடிக்க முடியாது, முடுக்கம் குறையும். எனவே திசைமாற்றிப் பாய்பவர்கள் 80, 90 கிலோவில் நிற்கிறார்கள். டோக்கியோவில் 1964இல் 100 மீட்டர் ஒலிம்பிக் தங்கம் வென்ற பாப் ஹேய்ஸ் அடுத்த ஆண்டே டல்லாஸ் கௌபாய்ஸில் ரிசீவராக இறங்கினார். ஆளுக்கு ஆள் காவல் வைத்து அவரைப் பிடிக்க முடியவில்லை. ஆளைக் காக்காமல் பரப்பைக் காக்கும் மண்டலத் தடுப்பு பரவியதற்கு அவர் வேகமும் ஒரு காரணம்.

ரிசீவருக்கு எதிரே நிற்கும் கார்னர்பேக்கின் வேலையைக் களத்திலேயே கடினமானது என்பேன். ரிசீவருக்குத் தான் எங்கே திரும்பப்போகிறோம் என்பது தெரியும். இவருக்குத் தெரியாது. பின்னோக்கி ஓடிக்கொண்டே, எதிரியின் இடுப்பைப் பார்த்துக்கொண்டே தொடர வேண்டும். தோளும் கண்ணும் ஏமாற்றும், இடுப்பு ஏமாற்றாது. கண் கண்டதற்குக் கால் பதில் சொல்லக் குறைந்தது 0.2 வினாடி ஆகும். அதற்குள் வினாடிக்கு ஒன்பது மீட்டர் ஓடுபவர் 1.8 மீட்டர் விலகியிருப்பார். அந்த 1.8 மீட்டர்தான் எறியின் இலக்கு. இதை ஈடுகட்டப் பின்னால் ஆழத்தில் சேஃப்டிகள் இருவர் நிற்கிறார்கள். எறி பெருகப் பெருக, முன்பு நான்கு தற்காப்புப் பின்காவலர் இருந்த இடத்தில் இப்போது ஐவர் நிற்பதே வழக்கமாகிவிட்டது. ஐவர் என்பதால் அந்த அமைப்புக்கு ஐந்து சென்ட் நாணயமான நிக்கலின் பெயர்.

கார்னர்பேக் சிறிய உடல்தான். ஆனாலும் பெரிய ஆளை நிறுத்துகிறார். பந்தை ஏந்தி ஓடும் 110 கிலோ ரன்னிங் பேக் வினாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் வருகிறார் என்று கொள்ளுங்கள், உந்தம் 880. எதிரே 88 கிலோ கார்னர்பேக் 10 மீட்டர் வேகத்தில் வந்தால் அவருக்கும் அதே 880. இருவரும் மோதிய இடத்திலேயே நிற்பார்கள். இது 0.2 வினாடியில் நடந்தால் ஒவ்வோர் உடலும் தாங்கும் சராசரி விசை 4,400 நியூட்டன். ஏறத்தாழ 450 கிலோ எடையைத் திடீரென்று ஏற்பதற்குச் சமம். இந்த எண்ணை நினைவில் வையுங்கள். பின்னால் தேவைப்படும்.

பந்தைக் கையில் வாங்கி ஓடும் ரன்னிங் பேக்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும்: குட்டையாக இருப்பது அவருக்கு நல்லது. 173 சென்டிமீட்டர் உயரமே இருந்த பாரி சாண்டர்ஸ் 1997 பருவத்தில் 2,053 கெஜம் ஓடினார். நிறைமையம் தரைக்கு அருகில் இருந்ததால் அவரால் ஒரே எட்டில் திசைமாற முடிந்தது. டைட் எண்டு பாதி லைன்மேன், பாதி ரிசீவர். வரிசையின் ஓரத்தில் நிற்பதால் மறிக்கவும் வேண்டும், பிடிக்கவும் செய்யலாம். கல்லூரியில் கூடைப்பந்து மட்டுமே ஆடிய அன்டோனியோ கேட்ஸ் இந்த நிலையில் புகழ்மண்டபம் வரை போனார். கூடைக்கடியில் எதிரியை முதுகால் மறைத்துப் பந்தைப் பிடிக்கும் வித்தை இங்கேயும் அப்படியே பயன்பட்டது.

தடுக்கும் பக்கத்தின் முன்வரிசையில் நடுவில் நிற்கும் கனத்த டேக்கிளின் பெருமை புள்ளிவிவரத்தில் வராது. இரண்டு லைன்மேன்களைத் தன்மேல் இழுத்துக்கொண்டு அசையாமல் நின்றாலே அவர் வேலை முடிந்தது. மற்றொருவருக்கு வழி திறந்துவிடும். ஆனால் இங்கும் இயற்பியல் வியப்பு தரும். 185 சென்டிமீட்டர், 127 கிலோ என்று அந்த நிலைக்குச் சிறியவராகக் கருதப்பட்ட ஆரன் டொனால்டு 2017, 2018, 2020 ஆகிய ஆண்டுகளில் லீக்கின் சிறந்த தற்காப்பு வீரர் விருதைப் பெற்றார். உயரக்குறைவே அவரைத் தாழ்ந்து நிற்க வைத்தது.

முன்வரிசைக்குப் பின்னால் லைன்பேக்கர்கள். நடுவில் நிற்பவரை மைக் என்றும், டைட் எண்டு பக்கம் நிற்பவரைச் சாம் என்றும், மறுபக்கத்தவரை வில் என்றும் களத்தில் கூப்பிடுவார்கள். அவர்கள் பந்தைப் பார்ப்பதில்லை. எதிரணிக் கார்டுகளின் முதல் எட்டைப் பார்க்கிறார்கள். கார்டு முன்னால் பாய்ந்தால் ஓட்டம், பின்னால் நகர்ந்தால் எறி. அரை வினாடிக்குள் அந்த வாசிப்பு முடிய வேண்டும். 2008 முதல் தற்காப்பிலும் ஒருவருக்குத் தலைக்கவச வானொலி உண்டு. பெரும்பாலும் அது மைக்கின் காதில்தான்.

இத்தனை பிரிவுகளும் நிலைக்கக் காரணமான விதி எறியைவிடக் கண்ணுக்குத் தெரியாதது. பழைய ஆட்டத்தில் வெளியேறியவர் நினைத்தபோது திரும்பி வர முடியாது. எனவே எல்லோரும் எல்லாம் தெரிந்தவராக இருந்தார்கள். 1941இல் கல்லூரி ஆட்டத்தில் மாற்றாள் இறக்கும் கட்டுப்பாடு தளர்ந்தது. போர்க்காலத்தில் இளம் மாணவர்களை வைத்து ஆடிய மிச்சிகன் பயிற்சியாளர் ஃபிரிட்ஸ் கிரிஸ்லர், 1945இல் பலம்மிக்க ராணுவக் கல்லூரி அணிக்கு எதிராக அந்தத் தளர்வைப் பயன்படுத்தினார். தாக்க ஒரு குழு, தடுக்க வேறு குழு என்று மாற்றி மாற்றி இறக்கினார். 28-7 என்று தோற்றார். ஆனால் நெடுநேரம் ஈடுகொடுத்தார். பார்த்தவர்கள் புரிந்துகொண்டார்கள். 1950இல் தொழில்முறை லீக் வரம்பற்ற மாற்றாள் முறையை நிரந்தரமாக்கியது. ஒரே வேலையை மட்டும் செய்யும் உடலுக்கு அன்றுதான் வாழ்க்கை கிடைத்தது.

அதன் எல்லையைப் பார்க்க விரும்புபவர்கள் உதைக்கும் குழுவைப் பார்க்க வேண்டும். லாங் ஸ்னாப்பர் என்பவர் உதைக்கும் வாய்ப்புகளில் மட்டும் வந்து, தலைகீழாகப் பார்த்தபடி பந்தைப் பின்னால் அனுப்பிவிட்டுப் போகிறார். பந்தை எதிரணிக்கு விட்டுக்கொடுத்துத் தொலைவுக்கு அனுப்பும் பன்ட் உதைக்கு 15 கெஜம் பின்னால் முக்கால் வினாடியில் பந்து போய்ச் சேர வேண்டும். கம்ப உதைக்கு ஏழு, எட்டு கெஜம். பிடித்து நிறுத்துபவர் கையில் சேரும்போது பந்தின் தையல் முன்பக்கம் இருக்கும்படி சுழற்சியையே எண்ணி அனுப்புவார். ஸ்னாப்பிலிருந்து உதைவரை 1.3 வினாடி. ஹங்கேரியில் பிறந்த பீட் கோகோலாக் 1964இல் பஃபலோ பில்ஸுக்காகப் பக்கவாட்டில் ஓடிவந்து பாதத்தின் மேற்புறத்தால் உதைக்கும்வரை, எல்லோரும் நேராக வந்து கால்விரல் முனையால்தான் உதைத்தார்கள். பக்கவாட்டில் வந்தால் இடுப்பின் சுழற்சியும் காலின் வீச்சில் சேரும். பந்தைத் தொடும் பரப்பும் பெரிது. ஒரு தலைமுறைக்குள் பழைய உதை மறைந்தது. வலப்பாதத்தில் விரல்களே இல்லாமல் பிறந்த டாம் டெம்ப்சி 1970இல் 63 கெஜத்திலிருந்து உதைத்தார். அந்தச் சாதனையைத் தொழில்முறை லீக்கில் 43 ஆண்டுகள் யாராலும் தாண்ட முடியவில்லை.

இனி அந்த 4,400 நியூட்டனுக்கு வருவோம். பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸின் சென்டர் மைக் வெப்ஸ்டர் நான்கு சூப்பர் பௌல் பட்டங்கள் பெற்றவர். 17 பருவங்கள் ஒவ்வொரு ஸ்னாப்பிலும் தலையால் மோதினார். நினைவும் வாழ்க்கையும் சிதைந்து 2002இல் 50 வயதில் இறந்தார். அவர் மூளையை ஆராய்ந்த நைஜீரிய மருத்துவர் பென்னட் ஒமாலு, டௌ என்ற புரதம் நரம்புகளில் திரண்டு கிடப்பதைக் கண்டு 2005இல் எழுதினார். தலைக்கவசங்களில் உணரிகள் பொருத்தி அளந்தபோது இங்கும் நிலைக்கேற்ற வேறுபாடு தெரிந்தது. ஓடுபவர்களுக்கும் எறிபவர்களுக்கும் அடிகள் குறைவு, ஆனால் பெரியவை. லைன்மேன்களுக்கு அடிகள் சிறியவை, ஆனால் எண்ணிக்கை மிக அதிகம். யாரும் மயங்கி விழுவதில்லை என்பதால் யாரும் கவனிப்பதும் இல்லை. 2017இல் பாஸ்டன் ஆய்வாளர்கள் முன்னாள் தொழில்முறை வீரர்களின் 111 மூளைகளைப் பார்த்ததில் 110இல் டௌ திரளும் அந்த மூளை நோயின் தடயம் இருந்தது. அவை நோயறிகுறியை ஐயுற்ற குடும்பங்கள் கொடுத்தவை. எல்லா வீரர்களுக்கும் அதே விகிதம் என்று கொள்ளக் கூடாது. ஆனாலும் அந்த எண்ணைக் கண்டு அமைதியாக இருக்க என்னால் முடியவில்லை. நிறையை வரமாக்கிய அதே விதி, அந்த ஐவருக்கு மோதலை விட்டு விலக வழியே வைக்கவில்லை. பள்ளிச் சிறுவர்களை அந்த வரிசையில் நிறுத்தக் கூடாது என்பதில் எனக்கு ஐயமில்லை.

விதி உடலை வளர்த்தது என்றால் விதியால் அந்த உடலை வேண்டாம் என்றும் சொல்ல முடியும். 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் இடம்பெறும் ஃபிளாக் ஃபுட்பால் அதைச் செய்து காட்டுகிறது. ஆண், பெண் இருபாலருக்கும் போட்டி உண்டு. பக்கத்துக்கு ஐந்து பேர். ஆளை வீழ்த்துவதற்குப் பதில் இடுப்பில் தொங்கும் துணிப்பட்டையைப் பறித்தால் போதும். மறிப்பதற்கு அனுமதியில்லை; எனவே கார்டும் இல்லை, டேக்கிளும் இல்லை, 140 கிலோ உடலும் தேவையில்லை. சென்டர் மட்டும் இருக்கிறார். பந்தைப் பின்னால் கொடுத்துவிட்டு, அவரும் ஓடிப்போய் எறியைப் பிடிக்கலாம்.